படுத்தபடி ஒரு கல்யாணப் படம்

படம் எடுக்கிறவருக்கு முதலில் வேண்டியது நல்ல கண் என்பார்கள். அப்படிச் சொன்னவர் யாரும் தோட்டத்தில் படம் எடுத்திருக்க மாட்டார். முதலில் வேண்டியது தடித்த தோல். தொழிலாளர் குடியிருக்கிற லயமே கூடி நின்று சிரித்தாலும் மறுநாள் காலையில் அதே கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் போய் நிற்கத் தெரிய வேண்டும். கண் பின்னால் மெதுவாக வந்து சேரும். எனக்கு வந்து சேர்ந்தது. கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நான் எடுத்த படங்கள் இன்னும் தொங்குகின்றன. அவற்றில் எல்லாருக்கும் தலை இருக்கிறது. (இதை ஏன் மெனக்கெட்டுச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.)

ஆனால் நான் எடுத்ததில் பேர்போன படம் ஒன்றுதான். அதில் ஒருவர்கூட நிற்கவில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆத்தங்கரைத் தோட்டம் என்று நாங்கள் சொல்கிற ரப்பர் தோட்டத்தில் என் அப்பா டிரெஸர். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. வாசலில் காவல் கோபுரம், அதன்மேல் துப்பாக்கியோடு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இந்த நிலைமை பிடிக்காமல் பழைய துரையின் மனைவி கப்பலேறியபோது, தன்னுடைய பெட்டிக் கேமராவை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய நாய்க்குச் சொறி பிடித்தபோது அப்பா களிம்பு போட்டுக் குணப்படுத்தியிருந்தார், அதற்கு நன்றியாக. (தோட்டத்து ஜனங்களுக்குப் போடுகிற அதே களிம்புதான். நாய்க்குச் சீக்கிரம் கேட்டது.)

அப்பா அதை மருந்து அலமாரியின் மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பதினேழு வயது. பொட்டப்பிள்ளைக்குக் கேமரா எதற்கு என்று அம்மா கேட்டார்கள். பதில் தெரியாததால் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

முதல் ரோலில் ஒன்றுமே வரவில்லை. ஒவ்வொரு படம் எடுத்ததும், வந்துவிட்டதா என்று பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததுதான் காரணம். இரண்டாவது ரோலைப் பத்தாங் பெர்ஜுந்தாய் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். அதன் முதலாளி ஒரு சீனத் தவுக்கே. பேச்சு அதிகம் கிடையாது. படங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். அப்பா, அம்மா, அக்கா, வேலையாட்களை மேய்க்கிற மண்டோர், மாடு. எல்லாரும் கழுத்தோடு முடிந்திருந்தார்கள். மாட்டுக்கு மட்டும் ஒரு கொம்பு மிச்சம்.

"கெப்பாலா மானா?" என்றார் தவுக்கே. தலை எங்கே என்று மலாயில் கேட்டார். நான் அந்தக் கொம்பைக் காட்டினேன்.

மூன்றாவது ரோலில் தலைகள் வந்தன. ஆனால் எல்லாம் கலங்கல். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைத் தூக்கிவிட்டால் கண் திறக்கும், திரும்பத் தள்ளினால் மூடும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது. எங்கள் தோட்டத்தில் அசையாமல் இருக்கிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஒருவர் கொசு அடிப்பார், இன்னொருவர் பிள்ளையை அடிப்பார்.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடப்பவர்கள் எங்கே ஓடிவிடுவார்கள் என்று போனேன். முதலில் மலேரியாக்காரர்களை எடுத்தது என் தப்பு. கட்டிலோடு சேர்ந்து ஆடியிருந்தார்கள். பிறகு மரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் முறிந்த ஒருவர் வந்து சேர்ந்தார். அவரை எடுத்த படம் கண்ணாடி போல வந்தது. அந்த மனுஷர் குணமாகி வீட்டுக்குப் போன அன்று எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதற்கு என்னிடம் கடிகாரம் இல்லை. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். தினமும் ஜெபமாலை சொல்லிச் சொல்லி, மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபம் எங்கள் வாயில் ஒரே வேகத்தில்தான் ஓடும். அதைத்தான் கணக்காக வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் என்றால் பாதி மங்கள வார்த்தை. உள்ளறை என்றால் முழுசு, ஆமென் வரைக்கும். நோயாளிகள் நான் அவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கைகள் கலங்கலாக விழுந்தன.

இப்படி நான் தேறிக்கொண்டு வருகிற நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது.

பிலோமினா அக்காவுக்கு மாப்பிள்ளை அந்தோணி. எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மெஷின் பார்க்கிற பிட்டர் வேலை. நல்ல மனுஷர். (தவளையைக் கண்டால்கூட ஒதுங்கிப் போவார். அதை அப்போது நாங்கள் பணிவு என்று நினைத்தோம்.) அவருடைய அம்மா ராசா என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மகளோடு இருந்தார். தன் அண்ணன் மகளை மருமகளாக்க நினைத்திருந்தவர். மகன் அவராகவே பெண் பார்த்ததில் மனத்தாங்கல். அந்தச் சமயம் பார்த்து அந்தப் பக்கம் கலவரம் என்று பாதையை மூடிவிட்டார்கள். வருவதற்குப் பாஸ் கிடைக்கவில்லை. சாமியாரோ மாதத்தில் ஒருநாள், போலீஸ் காவலோடுதான் தோட்டத்துக்கு வருவார். நாளைத் தள்ளிப் போட முடியாது.

அந்த அம்மா ராசா பக்கம் போய் வருகிற லோரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அந்த அம்மா கையை ஆட்டியது போலவே ஆட்டிச் சொன்னார்.

"பாக்காத கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்ல. படம் எடுத்து அனுப்பச் சொல்லு. எம் மவன் கட்டுன தாலிய அதுல பாத்த பொறவு, அவள மருமவளேன்னு கூப்புடுறதா வேணாமான்னு யோசிக்கிறேன். அப்டின்னு சொல்லச் சொன்னாங்க. நா ஒன்னும் சொல்லல லா."

ஊரில் இருந்த ஒரே கேமரா என்னுடையது. தவுக்கே முள்வேலிக்குள் வந்து படம் எடுக்க அனுமதி கிடையாது. ஆக, அக்காவின் வாழ்க்கை என் நெம்பில் வந்து நின்றது.

"ரோசி, நான் பெருசா ஒன்னும் கேக்கல," என்றாள் அக்கா. "தாலி தெரியணும். அவரு மொகம் தெரியணும். எனக்குத் தலை இருக்கணும்."

"இருக்கும்க்கா."

"கூடப் பொறந்தவ தலைய ஏற்கெனவே ஒருதரம் வெட்டுனவ நீ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பூசை நடப்பது தோட்டத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்தில். குண்டு பாயாமல் இருக்க ஜன்னல்களில் பாதிக்குப் பலகை அடித்திருந்தார்கள். உள்ளே நல்ல இருட்டு. அங்கே நாலைந்து பேரை நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். முழு மங்கள வார்த்தை முடிவதற்குள் ஒருவர் தும்மினார், ஒருவர் திரும்பி யாரையோ கூப்பிட்டார். கால் முறியாத மனிதர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்தேன். இந்த ஒத்திகையிலேயே ரோலில் ஏழு படம் தீர்ந்து, மிச்சம் இருந்தது ஒன்று. புது ரோல் தவுக்கேயிடமே இல்லை. (கல்யாணத்துக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஏழு. என் நிர்வாகத் திறமை அப்படி.)

ஆனால் தவுக்கேயிடம் வேறொன்று இருந்தது. அவர் பல்புக்கு மாறிவிட்டதால் பழைய பளிச்சு மருந்து ஒரு தகர டப்பாவில் மீந்து கிடந்தது. கொளுத்தினால் கண நேரம் பகல் மாதிரி வெளிச்சம் வரும், அசைவதற்குள் படம் விழுந்துவிடும். கொண்டு போ என்றார். விரல் நுனியால் ஒரு சிட்டிகை எடுத்துக் காட்டி, "சிக்கிட்" என்றார். கொஞ்சம்தான் என்று அர்த்தம். அவர் கடை சின்னது. எங்கள் பள்ளிக்கூடம் பெரியது. பெரிய கூடத்துக்குப் பெரிய சிட்டிகை வேண்டும் என்பது சாதாரண அறிவுதானே.

கல்யாணத்தன்று காலையிலிருந்து நல்ல மழை. பீடத்துக்கு எதிரே வாத்தியார் மேசைமேல் கேமராவை வைத்தேன். பக்கத்தில், அப்பா புண் கழுவும்போது பிடிக்கிற எனாமல் தட்டில் மருந்தைக் கொட்டினேன். கொட்டக் கொட்ட, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது. கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். கொளுத்துவதற்குப் பீடத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிற நீளக் குச்சி.

மோதிரம் மாற்றினார்கள். அந்தோணி மச்சான் தாலியைக் கையில் எடுத்தார். சாமியார் பிரெஞ்சுக்காரர். புத்தகத்தில் தமிழ் படித்தவர், அதனால் பேசுவதெல்லாம் செந்தமிழ். "மகளே, நீ ஆயத்தமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆயத்தம், சாமி."

மூன்றாவது முடிச்சு விழுந்தது. செய்ய வேண்டியது முதலில் நெம்பைத் தூக்குவது, பிறகு மருந்தைக் கொளுத்துவது. நான் முதலில் கொளுத்தினேன்.

வெளிச்சம் வந்தது. கூடவே இடி வந்தது. கூரையிலிருந்து வெகுநாள் தூசி மொத்தமும் இறங்கியது. வெள்ளைப் புகை பலகை இடுக்குகளின் வழியாக வெளியே பொங்கியது. கோபுரத்தில் இருந்த கான்ஸ்டபிள் அதைப் பார்த்து, எச்சரிக்கைக்குத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடி அடியென்று அடித்தார்.

"படு!" என்று கத்தினார் மண்டோர் முனியாண்டி.

இதற்கு முன்கதை உண்டு. சுடுகிற சத்தம் கேட்டால் குப்புறப் படுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் திடலில் எங்களைப் பழக்குவது மண்டோரின் வேலை. ஒருநாளும் ஒருவரும் ஒழுங்காகப் படுத்ததில்லை. சேலை அழுக்காகும் என்பார்கள் பெண்கள். இடுப்பு வலி என்பார்கள் ஆண்கள். அன்றைக்கு மட்டும் கூடம் முழுக்க ஒரே உடம்பாய்ப் படுத்தது. சாமியார் பீடத்துக்கடியில் போனார். அப்பா என் அம்மாவையும் இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கடியில் போனார். கதவை உதைத்துத் திறந்துகொண்டு எங்களைக் காப்பாற்ற வந்த இன்னொரு கான்ஸ்டபிள், எல்லாரும் கிடப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே அவரும் படுத்துவிட்டார்.

நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். வெடித்தது என்ன என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான். ஒரு புருவம் கருகிப் போயிருந்தது. வெடிமருந்தோடு பிடிபட்டால் அந்தக் காலத்தில் என்ன கதி என்பதும் தெரியும். பயந்திருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். குறைந்தபட்சம், "ஒன்னுமில்ல, எந்திரிங்க" என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

நான் பார்த்ததோ வேறு. கதவு திறந்ததில் மழைவெளிச்சம் பீடம் வரைக்கும் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் நாற்பது ஐம்பது பேர் கிடந்தார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து நான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத வரம் அது. என்னிடம் ஒரு படம் மிச்சமிருந்தது.

கேமராவின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு பாட்டுப் புத்தகத்தைச் செருகினேன். பெட்டி குனிந்து தரையைப் பார்த்தது. நெம்பைத் தூக்கினேன். வழக்கம்போல மங்கள வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

மற்றவர்களுக்கு என்ன தெரியும்? டிரெஸர் மகள் குண்டுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்று தங்களுக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்தார்கள். ஜெபத்தின் இரண்டாம் பாதியில் கூடமே சேர்ந்துகொண்டது. மாரியம்மன் கோயில் தலைவரான மண்டோர் முனியாண்டியும் சேர்ந்துகொண்டார். எங்கள் மரண நேரத்திலும் என்ற இடம் வந்தபோது அவர்கள் சொன்ன உருக்கத்தில் எனக்கே கண் கலங்கியது. ஆமென் என்றார்கள். நான் நெம்பைத் தள்ளி மூடினேன்.

அப்புறம்தான் துரை வந்தார். மழைக்கோட்டு, கையில் ரிவால்வர், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"யாரு சுட்டது?"

பீடத்துக்கடியிலிருந்து சாமியார் தலையை நீட்டினார். "ஆபத்து நீங்கிற்றா?"

நான் கையைத் தூக்கினேன். "சுடல சார். படம் எடுத்தேன்."

துரை புகையைப் பார்த்தார், தகர டப்பாவைப் பார்த்தார், என் புருவத்தைப் பார்த்தார். அப்பா பெஞ்சுக்கடியிலிருந்து எழுந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. 

"எல்லாரும் செத்த மாதிரி கெடக்குறாங்க. அப்பவா படம் எடுத்தே?" என்றார் துரை.

"அப்பதான் சார் அசையாம இருந்தாங்க."

 துரை ரிவால்வரை உறையில் போட்டுவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். "டிரெஸர், உன் பொண்ணுக்கு ஏதாச்சும் மருந்து குடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமியாரைக் காவல் வண்டியில் அப்போதே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று முழுக்க யாரும் லயத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. கல்யாணச் சோற்றை வாளியில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தோம். அக்கா மாலையைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"தாலிய எடுக்கச் சொன்னா தரைய எடுத்திருக்கா," என்றார்கள் அம்மா. "அந்தப் பொம்பளைக்கு இனி என்னத்தக் காட்டுறது?"

எனக்கும் அன்றிரவு தைரியம் கொஞ்சம் கரைந்தது. கேமராவைத் திரும்ப அலமாரி மேலேயே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் உள்ளே ஒரு படம் இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் எப்படி விடுவது? வார முடிவில் ஒற்றைப் புருவத்தோடு லோரியேறி பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். வழியெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

தவுக்கே ஈரப் படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறையிலிருந்து வந்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் என்னைப் பார்த்து, "கெப்பாலா செமுவா ஆடா," என்றார்.

எல்லாத் தலையும் இருக்கிறது. ஜெபம் சொன்ன வாய்கள் மட்டும்தான் கலங்கல்.

படத்தை வீட்டில் மேசைமேல் வைத்தேன்.  நடுவில், வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், மணமக்கள். அந்தோணி மச்சான் தரையோடு தரையாகக் கிடக்கிறார். முகம் பக்கவாட்டில் திரும்பி, கண் இரண்டும் உருண்டு தெரிகிறது. அவர்மேல் முழு உடம்பையும் போட்டு, ஒரு கையால் அவர் தலையை மறைத்துக்கொண்டு அக்கா. அவள் கழுத்திலிருந்து சரிந்து அவர் தோள்மேல் கிடக்கிறது புதுத் தாலி.

"இத அனுப்பாதீங்க," என்றார் மச்சான். "எங்கம்மா காலத்துக்கும் சிரிப்பாங்க."

அக்கா படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. "தாலி தெரியுது. ஒங்க மொகம் தெரியுது. எனக்குத் தலை இருக்கு," என்றாள். "நான் கேட்டதெல்லாம் இருக்கு. அனுப்பு ரோசி."

லோரி டிரைவரிடம் கொடுத்து அனுப்பினோம். பதில் வரவில்லை. அக்கா தினமும் வேலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். பாதையைத் திறந்துவிட்ட பிறகு ஒருநாள் அந்த லோரியிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். கட்டையான உருவம், இடுப்பில் துணிமூட்டை, சிரிக்காத முகம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மூட்டையிலிருந்து படத்தை எடுத்தார். அதைப் பார்த்து, பிறகு அக்காவைப் பார்த்து, பிறகு வாசலோரம் ஒதுங்கி நின்ற மகனைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து அம்மா தண்ணீர் எடுக்க ஓடினார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இடி இடிச்சாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குற பய இவன்," என்றார். "நான் போன பொறவு இவன யாரு பாத்துக்குவான்னுதான் எனக்குக் கவல. எங்கண்ணன் மவளும் இவன மாதிரிதான், தொட்டாச்சிணுங்கி. இவ என்னான்னா குண்டுக்கு முன்னால மேல படுத்துல்ல மறைச்சிருக்கா." அக்காவின் கன்னத்தைத் தடவி, "வா மருமவளே," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் எடுத்தியா?"

"ஆமா அத்தை."

"என்னையும் ஒன்னு எடு."

நான் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முற்றத்தைக் காலால் கொஞ்சம் கூட்டிவிட்டு, மிகவும் பொறுப்பாகக் கேட்டார்: "குப்புறப் படுக்கணுமா, மல்லாக்கப் படுக்கணுமா?"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கேமராவைத் தூக்கினாலும் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. போன வருடம் அக்காவின் பேத்திக்குக் கோலா சிலாங்கூரில் கல்யாணம். படம் எடுக்க வந்த தம்பி வெளியூர்க்காரர், விவரம் தெரியாது. மேடையில் எல்லாரையும் நிறுத்தி, "சிரிங்க" என்றார்.

"தம்பி, நிக்கணுமா படுக்கணுமா?" என்று அக்கா நாற்காலியிலிருந்து சத்தமாகக் கேட்டாள்.

அவ்வளவுதான். பட்டுச் சேலையும் கோட்டுமாக மொத்தக் குடும்பமும் மேடையில் குப்புற விழுந்தது. பேத்தி தன் மாப்பிள்ளையை இழுத்துப் போட்டு அவன்மேல் படுத்தாள். அக்காவால் இப்போதெல்லாம் கீழே குனிய முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த அந்தோணி மச்சானின் வழுக்கைத் தலையைத் தன் மடிக்கு இழுத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவரும் பழக்கப்பட்டவர்போலக் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தார்.

அந்தத் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அவரிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டேன். இந்தக் கேமராவுக்கு நேரக்கணக்கெல்லாம் வேண்டாம், தொட்டால் படம் விழும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். தெரியும் என்றேன். மங்கள வார்த்தையை ஆரம்பித்தேன். மேடை முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஆமென் சொன்ன பிறகுதான் அமுக்கினேன். அதுவரை ஒருவரும் அசையவில்லை.